சின்னதாக இருந்தால் சிறுகதையா? எழுத்து வடிவங்கள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

எட்டுப் பக்கத்துக்குள் முடிந்தால் சிறுகதை, எண்பதைத் தொட்டால் குறுநாவல், அதையும் தாண்டினால் நாவல். வரியை மடக்கி எழுதினால் கவிதை, மடக்காமல் நீட்டினால் கட்டுரை. எழுதத் தொடங்கும் பலரிடமும், ஏன், நிறையப் படிக்கும் சிலரிடமும்கூட, இந்தக் கணக்குத்தான் இருக்கிறது. பத்திரிகைக்கு அனுப்பும்போது 'படைப்பு' என்று பொதுவாகப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கிறோம். படித்துவிட்டுப் பேசும்போது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: கதை. சினிமாவில் பார்த்ததும் கதை, நாவலும் கதை, பக்கத்து வீட்டுக்காரர் விட்டதும் கதை.

பேச்சில் அப்படிச் சொல்வதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் நாவலிடம் கேட்க வேண்டியதைச் சிறுகதையிடம் கேட்டால் 'என்னப்பா, பாதியிலேயே நிறுத்திட்டான்' என்றுதான் தோன்றும். சரித்திர நாவலை வரலாறாகப் படித்தால், இல்லாத ராணிக்குக் கல்வெட்டு தேடிக்கொண்டிருப்போம். ஆகவே அடிப்படைச் சொற்களை ஒருமுறை பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். புலவர்களுக்கான நுணுக்கங்களுக்குள் இங்கே நுழையப்போவதில்லை.

ஒரே கல்யாணம், பல எழுத்து

ஒரு கல்யாணம் எத்தனை விதமாக எழுத்தில் ஏறுகிறது என்று பாருங்கள். முதலில் அழைப்பிதழ். மண்டப வாசலில் மொய் நோட்டு. மாப்பிள்ளையின் நண்பர்கள் அச்சடித்துக் கொடுக்கும் வாழ்த்து மடல். கடைசியாக, வர முடியாமல் போன அக்காவுக்கு அத்தை வாட்ஸ்அப்பில் நீளமாகத் தட்டி அனுப்பும் செய்தி.

அழைப்பிதழில் முகூர்த்த நேரம் தப்பாக அச்சாகிவிட்டால் பெரிய ரகளை. மொய் நோட்டில் ஐந்நூறு ஐம்பதாகிவிட்டால் அதைவிடப் பெரிய ரகளை. வாழ்த்து மடலில் மாப்பிள்ளையை மன்மதன் என்று எழுதியிருந்தால், ஆளை நேரில் பார்த்த பிறகும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. அத்தையின் செய்தியில் தாலி கட்டியதற்கு ஒரு வரி. பந்தியில் பாயசம் தீர்ந்துபோய் சம்பந்தி முகத்தைத் தூக்கிக்கொண்டதற்கு இருபது வரி. அக்காவுக்கு வேண்டியதும் அந்த இருபது வரிதான்.

நடந்தது ஒன்றே. அதை உள்ளடக்கம் என்கிறோம். அது எந்த ஏற்பாட்டுக்குள் சொல்லப்படுகிறது என்பது வடிவம். எதை நம்பிக்கொள்ளலாம், எதை விட்டுவிடுவார்கள், எந்த இடத்தில் நின்று நிதானிப்பார்கள் என்று எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையே பேசாமலே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. பக்கக் கணக்கு அந்த ஒப்பந்தத்தின் விளைவாக வருவது. நாம் அதையே காரணமாக எடுத்துக்கொள்வதால்தான் குழப்பம் வருகிறது.

செய்யுள் எல்லாம் கவிதையா?

ஓசைக் கணக்குக்குள் சொற்களை அமைத்து எழுதுவது செய்யுள். அந்தக் கணக்கு இல்லாமல், பேசுவதுபோல் தொடர்ந்து எழுதுவது உரைநடை. இங்கேயே முதல் குழப்பம் தொடங்கிவிடுகிறது. செய்யுள் என்றால் கவிதை என்று பலரும் நினைக்கிறார்கள். நன்னூல் இலக்கண நூல். சூத்திரம் சூத்திரமாகச் செய்யுளில்தான் இருக்கிறது. சூடாமணி நிகண்டு ஒரு சொற்பொருள் அகராதி, அதுவும் விருத்தம் என்ற செய்யுள் வகையில். சித்த மருத்துவ நூல்கள் எந்த நோய்க்கு எந்தச் சூரணம் என்பதைப் பாட்டாகச் சொல்கின்றன. ஏடும் எழுத்தாணியும் இருந்த காலத்தில் அறிவை மனப்பாடமாகத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. ஓசை அதற்குக் கைப்பிடி. கடுக்காயைப் பற்றி நல்ல வெண்பா எழுதலாம். அதனாலேயே அது கவிதை ஆகிவிடாது.

அந்த ஓசைக் கணக்கு எப்படி வேலை செய்கிறது? முதல் குறளையே எடுத்துக்கொள்வோம்.

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு

எழுத்துகள் சேர்ந்து உச்சரிப்பில் ஒரு துண்டாக நிற்பது அசை. 'அகர' என்பதில் 'அக' ஓர் அசை, 'ர' ஓர் அசை. அசைகள் சேர்ந்தது சீர். 'அகர' முழுவதும் ஒரு சீர். சீர்கள் சேர்ந்தது அடி. இந்தக் குறளில் முதல் அடிக்கு நான்கு சீர், இரண்டாம் அடிக்கு மூன்று. ஒரு சீர் முடியும் விதத்துக்கும் அடுத்த சீர் தொடங்கும் விதத்துக்கும் உள்ள உறவு தளை. வெண்பாவில் அந்த உறவு ஓரிடத்தில் பிசகினாலும் வெண்பா கெட்டுவிடும். வாய்விட்டுப் படித்தால் விதி தெரியாதவருக்கும் அது இடறும். இப்படி வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா என்ற நான்கு பாக்களும் அவற்றின் இனங்களும் வைத்து எழுதுவதைத்தான் இன்று மரபுக்கவிதை என்கிறோம்.

இந்தக் கணக்கை விட்டுவிட்டுக் கவிதையை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று பாரதியார் தம் வசன கவிதைகளில் முயன்று பார்த்தார். 1930களில் 'மணிக்கொடி' இதழின் காலத்தில் ந. பிச்சமூர்த்தி அதைத் தொடர்ந்தார். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் அதற்கு ஒரு களமாக நின்றது. புதுக்கவிதை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

சீரும் தளையும் போனபின் அங்கே என்ன மிச்சம்? ஒன்று, வரி எங்கே முறிகிறது என்பது. மற்றொன்று படிமம், அதாவது கருத்தை விளக்காமல் கண்முன் ஒரு பொருளாக நிறுத்துவது. வரி முறிவை ஒரு மின்தடை அறிவிப்பில் சோதித்துப் பாருங்கள்:

நாளை காலை
ஒன்பது மணி முதல்
மின்சாரம்
இருக்காது

இது கவிதையா? இல்லை என்று சட்டென்று சொல்லிவிடத்தான் ஆசை. ஆனால் 'மின்சாரம்' என்ற சொல் தனி வரியில் நின்றதும் நாமும் ஒரு கணம் நிற்கிறோம். அடுத்த வரி கொஞ்சம் வேறு மாதிரி விழுகிறது. முறிவுக்கு அந்தச் சக்தி உண்டு. நல்ல கவிதையில் ஒவ்வொரு முறிவும் அப்படி ஒரு வேலை செய்கிறது. மற்றதில் அது எண்டர் பட்டனின் வேலை. வரிகளை மறுபடி சேர்த்து உரைநடையாக எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது முதலிலேயே உரைநடையாக இருந்திருக்கும்.

இதுவரை பார்த்தது: செய்யுள் ஓசை அமைப்பின் பெயர், உரைநடை அது இல்லாத எழுத்து. கவிதை இரண்டிலும் வரலாம், இரண்டிலும் வராமலும் போகலாம்.

புனைவும் அபுனைவும்

உரைநடைக்குள் வந்தால் பெரிய பிரிவு இது. கற்பனையாகக் கட்டப்பட்டதென்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்டு படிப்பது புனைவு. சிறுகதை, நாவல் எல்லாம் இதில் அடங்கும். நடந்ததை, இருப்பதை, தான் நினைப்பதைப் பொறுப்பேற்றுச் சொல்வது அபுனைவு. கட்டுரை, தன்வரலாறு, பயணநூல், நேர்காணல் ஆகியவை இந்தப் பக்கம்.

தமிழுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியம் உரைநடையின் வகைகளைச் சொல்லும்போது 'பொருளொடு புணராப் பொய்ம்மொழி' என்று ஒன்றைச் சேர்க்கிறது. உலகில் நடக்காததைக் கட்டிச் சொல்வதற்கும் அங்கே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வசை எதுவுமில்லை.

புனைவை 'பொய்' என்றும் அபுனைவை 'உண்மை' என்றும் வைத்துக்கொண்டால் சரித்திர நாவலில் மாட்டிக்கொள்வோம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுகிறான். அந்தக் கொலை வரலாறு: காட்டுமன்னார்கோயில் பக்கம் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலத்தைப் பற்றிப் பேசுகிறது; ரவிதாசன் பெயரும் அதில் இருக்கிறது. வந்தியத்தேவன் பெயரும் கல்வெட்டில் உண்டு. நந்தினி எங்கும் இல்லை. அவள் கல்கியின் கற்பனை. அந்தக் கொலையை நாவலில் தாங்கி நிற்பதோ நந்தினியின் வஞ்சமும் அழகும்தான். 'நந்தினியை ஏன் வரலாற்றில் மறைத்துவிட்டார்கள்' என்று கோபப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்கிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்றாலும், இது வடிவம் புரியாததால் வந்த கோபம். சரித்திர நாவலில் எத்தனை கல்வெட்டுச் செய்தி இருந்தாலும் அது புனைவுதான். ஏனென்றால் கல்வெட்டு சும்மா இருக்கும் இடத்தில் அதற்குப் பேச உரிமை உண்டு. வரலாற்று ஆசிரியருக்கு அந்த உரிமை இல்லை.

கதையில் வரும் 'நான்' யார்?

கதையை நமக்குச் சொல்லும் குரலுக்குக் கதைசொல்லி என்று பெயர். எழுத்தாளர் வேறு, கதைசொல்லி வேறு. இதை மனதில் பதியவைக்க ஒரு மரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் வந்தது. தமிழின் முதல் சிறுகதை என்று பலரும் குறிப்பிடுவது. அதில் விவாதமும் உண்டு. அந்தக் கதையில் 'நான்' என்று பேசுவது ஓர் அரசமரம். ருக்மிணி என்ற பெண்ணின் அப்பா ஆர்பத்நாட் கம்பெனி முறிந்ததில் பணத்தை இழக்கிறார். 1906இல் சென்னையில் உண்மையாகவே முறிந்த வங்கி அது. மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறுகிறார்கள், பையனுக்கு வேறு கல்யாணம் என்கிறார்கள், கதை துயரத்தில் முடிகிறது. இத்தனையையும் மரத்தடியிலும் குளக்கரையிலும் நின்ற இடத்தில் கண்டதையும் கேட்டதையும் வைத்து மரம் சொல்கிறது.

இப்படி யாருடைய கண்ணும் காதும் வழியாகக் கதை நமக்கு வருகிறதோ அது பார்வைக் கோணம். மரத்தால் வீட்டுக்குள் போய் எட்டிப் பார்க்க முடியாது. அந்த முடியாமைதான் கதையின் பலம். நாமும் கரையிலேயே நின்று தவிக்கிறோம். 'நான்' என்று சொன்னால் தன்மைக் கதைசொல்லல், 'அவள்', 'அவர்' என்று சொன்னால் படர்க்கைக் கதைசொல்லல். படர்க்கையிலும் இரண்டு உண்டு: எல்லார் மனதிலும் நுழைந்து வருவது, ஒரே ஒருவரின் தோளுக்குப் பின்னால் மட்டும் நடப்பது. எழுதிப் பழகுபவர்களின் கதைகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். கணவனின் தோளுக்குப் பின்னால் நடந்துகொண்டே வந்து, திடீரென்று ஒரு பத்தியில் மனைவியின் மனதுக்குள் குதித்துவிடுவார்கள்.

வ.வே.சு. ஐயர் ஒரு மரம் என்று யாரும் நினைத்ததில்லை. ஆனால் ஒரு பெண் 'நான்' என்று தொடங்கி ஒரு காதல் கதை எழுதட்டும். மறுநாளே 'இது உங்க சொந்த அனுபவமா?' என்று கேட்டு நாலு பேர் வந்துவிடுவார்கள். கேள்வி வடிவத்தைப் பற்றியதே இல்லை, வம்பைப் பற்றியது.

சுருக்கமாக: புனைவில் எழுத்தாளர் ஒரு கதைசொல்லியை நியமிக்கிறார். அந்தக் குரலுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதுதான் பார்வைக் கோணம். அபுனைவில் 'நான்' என்றால் எழுதியவரேதான்.

அதே பெண், அதே மழை: சிறுகதையும் நாவலும்

இனி, நீளக் கணக்குக்கு வருவோம். ஒரே எழுத்தாளர் ஒரே சம்பவத்தை இரண்டு வடிவத்திலும் எழுதியிருந்தால் வித்தியாசத்தை நேராகப் பார்க்கலாம். ஜெயகாந்தன் நமக்கு அந்த உதவியைச் செய்திருக்கிறார்.

1966இல் ஆனந்த விகடனில் வந்தது 'அக்னிப்பிரவேசம்'. மழை மாலை. பஸ்ஸுக்காக நிற்கும் கல்லூரி மாணவி. காரில் வரும் ஒருவன் ஏற்றிக்கொள்கிறான். அவள் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா பதறுகிறாள், பிறகு அக்கம்பக்கத்தார் காதுக்கு எட்டாமல் மறைத்துவிட்டு, மகளைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. தேவைப்படவில்லை. முதல் மழைத்துளியிலிருந்து எல்லாமே அந்தத் தண்ணீரை நோக்கித்தான் போகிறது. கொட்டியதும் கதை நின்றுவிடுகிறது. அம்மா செய்தது சரியா என்பதை நம் தலையில் கட்டிவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார். கதை வந்தபோது வாசகர்கள் கொதித்ததும் அதனால்தான்.

சிறுகதையின் இயக்கம் இது. ஒரு தருணத்தை நோக்கிக் குவிதல், அதற்கு உதவாததை எல்லாம் வெளியே நிறுத்துதல், விளைவுகளை வாசகரின் மனதுக்கு விட்டுவிடுதல். இதற்குச் சில பக்கங்கள் போதும். அதனால்தான் அது சிறியதாக இருக்கிறது.

பிறகு ஜெயகாந்தன் வேறொரு கேள்வி கேட்டார்: அந்த அம்மா தண்ணீரைக் கொட்டாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால்? அதற்குப் பதில்தான் 1970இல் புத்தகமாக வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. இப்போது அவளுக்குக் கங்கா என்று பெயர் இருக்கிறது. வீட்டை விட்டுத் துரத்தும் அண்ணன் இருக்கிறான். படிக்கவைத்து, அதற்கு விலையாக அவளை அடையப் பார்க்கும் மாமா இருக்கிறார். உத்தியோகம் இருக்கிறது, கழிந்துபோன வருஷங்கள் இருக்கின்றன. ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய ஒரு கதையைக் கங்கா பத்திரிகையில் படிக்கிறாள். அதில் அம்மா தண்ணீர் கொட்டுகிறாள். தனக்குக் கிடைக்காத அம்மாவைக் கதையில் பார்க்கிறாள். சிறுகதையே நாவலுக்குள் ஒரு பொருளாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சிறுகதை நின்ற இடத்தில் நாவல் 'பிறகு?' என்று கேட்கிறது. ஒரு செயல் பல ஆட்களுக்குள்ளும் பல வருஷங்களுக்குள்ளும் என்ன ஆகிறது என்று தொடர்ந்து போகிறது. காலமும், ஒருவருக்கொருவர் முட்டிக்கொள்ளும் பல வாழ்க்கைகளும் அதற்குத் தேவை; அதனால் பக்கங்களும் தேவை. சிறுகதையை இழுத்து நீட்டினால் நாவல் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நாவல் எழுத ஜெயகாந்தன் முடிவையே மாற்ற வேண்டியிருந்தது.

இங்கேயே இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். நடந்தவற்றைக் கால வரிசையில் அடுக்கினால் கதை. அதை எந்த வரிசையில், எதை முன்னே வைத்து, எதை ஒளித்துச் சொல்கிறோம் என்பது கதைப்பின்னல். கங்காவின் கதை மழை மாலையில் தொடங்குகிறது. நாவலோ பல வருஷம் கழித்துத் தொடங்கி அந்த மாலைக்குத் திரும்பிப் போகிறது.

குறுநாவல் இரண்டுக்கும் நடுவே: காலத்தை ஓடவிடும், ஆனால் ஒரே சிக்கலை விட்டு விலகாது. தொடர்கதை என்பது தனி வடிவம் இல்லை, வாராவாரம் பிரசுரிக்கும் முறை. அத்தியாயம்தோறும் ஒரு திடுக்கிடலில் நிறுத்தும் பழக்கம் அந்த முறையால் வந்தது. அதே தொடர் புத்தகமாகும்போது அந்தத் திடுக்கிடல்கள் சில சமயம் தொந்தரவாகவும் இருக்கும்.

கட்டுரை, பத்தி, தன்வரலாறு

கட்டுரைக்குப் பள்ளிக்கூடம் செய்த தீங்கு கொஞ்சநஞ்சமல்ல. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. மழைநீர் சேகரிப்பு பற்றி எழுதினால் நடுவில் ஒரு திருக்குறள். பரீட்சைக்கு அது சரி. ஆனால் கட்டுரை என்பது ஒருவர் ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டே நம்மையும் கூட்டிக்கொண்டு போவது. தகவல் பிழைத்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கருத்துக்கும் அவரே பொறுப்பு. மற்றபடி எப்படித் தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது.

பத்தி என்ற சொல்லுக்கு இரண்டு பயன்பாடு உண்டு. ஒரு கருத்தைச் சுற்றி நிற்கும் வாக்கியங்களின் தொகுப்பு பத்தி. ஒரே எழுத்தாளர் பத்திரிகையில் தவறாமல் எழுதும் சிறு கட்டுரைத் தொடரும் பத்தி, எழுதுபவர் பத்தியாளர். இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

தன் வாழ்க்கையைத் தானே எழுதினால் தன்வரலாறு. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் முதல் நாள் போய் நிற்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள். உரையாடல், தயக்கம், எதிர்பார்ப்பு என்று ஒரு நல்ல நாவலின் காட்சிபோல இருக்கும். ஆனாலும் அது அபுனைவு. காட்சியாக எழுதுவது ஓர் உத்தி. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எழுதுபவர் நமக்குக் கொடுத்திருக்கும் வாக்குதான் வகையைத் தீர்மானிக்கிறது.

வேஷம் கட்டிக்கொள்ளும் வடிவங்கள்

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு ஒரு புத்தகம் நம்மை ஏமாற்றலாம். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வந்தது. தலைப்பு 'குறிப்புகள்' என்கிறது. ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளரைப் பற்றி பாலு என்ற தமிழ் எழுத்தாளர் எழுதுவதாக அமைந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள் ஜே.ஜே. இறந்தான் என்று தேதியோடு தொடங்குகிறது. காம்யு 1960 ஜனவரி 4இல் கார் விபத்தில் இறந்தது உண்மை. ஜே.ஜே. என்று ஒருவர் இருந்ததே இல்லை.

வாழ்க்கை வரலாற்றின் உடையைப் போட்டுக்கொண்டு வந்த நாவல் அது. நம்பகமான தேதி, உண்மையான ஆட்களின் பெயர், நாட்குறிப்பு என்று அபுனைவின் அடையாளங்கள் எல்லாவற்றையும் புனைவு கடன் வாங்கியிருக்கிறது. பாலு கதைசொல்லி, சுந்தர ராமசாமி அல்ல. இதைப் பிடித்துக்கொண்டால், தமிழ் இலக்கிய உலகத்தின் மேல் அந்தப் புத்தகம் வைக்கும் கேலியும் கோபமும் யாருடையவை என்று கேட்டுக் கேட்டுப் படிக்கலாம். முதல்முறை எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்: முன்பகுதி பாலு சொல்வது, பின்பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. பின்பகுதியில் சம்பவங்கள் நகரவில்லையே என்று பக்கங்களைத் தள்ளிவிடாதீர்கள். நாட்குறிப்பைப் படிக்கும் வேகத்தில், தினம் கொஞ்சமாகப் படியுங்கள்.